ஏவலும் வியங்கோளும்: செவ்வாய்க்குச் சென்ற சொற்கள்

காஞ்சி மாநகரிலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலை வழியாகச் செல்வோர், பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டித் திருப்புட்குழியைக் காண்பர். புள் என்பது பறவை. புட்குழி என்பது அப்பறவையை அடக்கிய குழி. சீதையைக் கவர்ந்து சென்ற இராவணனை எதிர்த்துப் பொருது, சிறகு வெட்டுண்டு வீழ்ந்து, தான் கண்டதை இராமனிடம் சொல்லி உயிர்நீத்த சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவே என்பது தலபுராணம். திருமங்கையாழ்வார் பாடிய இத்தலத்தின் விஜயராகவப் பெருமாள் கோயிலும் சடாயு தீர்த்தமும் அக்கதையை இன்றும் நினைவூட்டி நிற்கின்றன.

சடாயு கதையின் உயிர்நிலை போரில் இல்லை, செய்தியில் இருக்கிறது. எட்டாத் தொலைவில் நிகழ்ந்த ஒன்றைக் கண்ட சாட்சி அப்பறவை. அது வாய் திறந்து சொல்லும் வரை, இராமனே ஆயினும், காட்டில் அலைவதன்றி வேறொன்றும் செய்ய இயலாது. தொலைவிலுள்ள தூதனின் சொல்லுக்காகக் காத்திருத்தல் என்னும் அந்த நிலை, இதே நெடுஞ்சாலையின் மேற்கு முனையில், பெங்களூரின் பீன்யாப் பகுதியிலுள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்தில், 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் காலையில் மீண்டும் நிகழ்ந்தது. அன்று காத்திருந்தவர்கள் பொறியாளர்கள். செய்தி சொல்ல வேண்டியிருந்த பறவை மங்கள்யான்.

கவிஞர்கள் கூடும் அவையில் விண்கலத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று வினவலாம். கோள் ஒன்றை நெருங்கும் விண்கலத்தை இயக்குதல் என்பது கையால் செய்யும் தொழிலாகத் தோன்றினும், உண்மையில் அது சொல்லால் செய்யும் தொழிலாகும். அச்சொல்லின் வரலாறு, சொல்லையே தொழிலாகக் கொண்டோர் அறியத்தக்கது.

முன்னிலையில் இல்லாத முன்னிலை

தமிழ் இலக்கணத்தில் ஏவல் வினை முன்னிலைக்கு உரியது. 'நட', 'வா', 'செய்' என்று ஏவுவதற்குக் கேட்பவன் எதிரே நிற்க வேண்டும். ஏவியவுடன் செயல் நிகழும்; பிழைபட்டால் 'நில்' என்று தடுத்து நிறுத்தவும் கூடும். வியங்கோளோ மூவிடத்துக்கும் பொதுவானது. 'நடக்க', 'வாழ்க' என்று எதிரே இல்லாதவரை நோக்கியும் அதனைச் சொல்லலாம். சொன்னபின் அது நிறைவேறுவது சொன்னவர் கையில் இல்லை.

விண்கலத்துக்கு அனுப்பப்பெறும் ஆணை, வடிவால் ஏவல், தன்மையால் வியங்கோள். ஒளியும் வானொலி அலையும் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வன. அதனினும் விரைந்து எந்தச் சொல்லும் செல்லாது. எனவே கலம் விலகிச் செல்லச் செல்ல, ஏவுவோர்க்கும் ஏவப்படுவதற்கும் இடையே நிமிடங்கள் விழுகின்றன. பின்னர் மணிகள் விழுகின்றன. கோளை நெருங்கும் கணமோ மிகக் குறுகியது. எத்தனையோ மாதங்கள், சிலபோது ஆண்டுகள், பயணம் செய்த கலம் சில மணி நேரத்தில் கோளைக் கடந்து போய்விடும். அந்நேரத்தில் தரையிலிருந்து திருத்தம் சொல்ல வாய்ப்பில்லை. ஆகவே, எந்த விநாடியில் எத்திசையில் திரும்ப வேண்டும், எந்தக் கருவி எப்போது விழிக்க வேண்டும், பழுது நேர்ந்தால் மாற்று வழி யாது என்பன யாவும் முன்கூட்டியே எழுதப்பட்டுக் கலத்தின் நினைவில் ஏற்றப்படுகின்றன.

காஞ்சித் தறிகளை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறியில், கட்டம் போட்ட தாளில் வரைந்த பூ வேலைப்பாடு முதலில் அட்டைகளில் துளைகளாக மாறுகிறது. துளையுள்ள இடத்தில் பாவிழை எழும். துளையில்லா இடத்தில் கிடந்தபடி கிடக்கும். நெசவாளர் மிதிக்க மிதிக்க, என்றோ துளையிட்ட அட்டை இன்று சேலையில் பூவாகிறது. துளை பிழைத்தால் பூவும் பிழைக்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நெசவாளர் தறியை நிறுத்தி அட்டையை மாற்றிக்கொள்ளலாம். கோளை நோக்கி விரையும் கலத்தை நிறுத்த எவராலும் இயலாது.

தொடக்க காலம்

கோள் ஒன்றை வெற்றியுடன் கடந்து சென்று செய்தி அனுப்பிய முதற் கலம் அமெரிக்காவின் மரைனர் 2. அது 1962 டிசம்பர் 14-ஆம் நாள் வெள்ளியை ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. கலத்தின் உள்ளே அமைத்திருந்த காலக்கருவி, உரிய நேரத்தில் ஆய்வுக் கருவிகளை எழுப்பத் தவறியது. தரையிலிருந்து ஆணை அனுப்பி அவற்றை இயக்கினர். வெள்ளி அப்போது ஆறு கோடி கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருந்தமையால், சொல் மூன்று நிமிடத்தில் சென்று சேர்ந்தது. ஏவல் ஏவலாகவே நின்று பயன் தந்த காலம் அது.

செவ்வாய்க்கு அந்த எளிமை இல்லை. 1964 நவம்பரில் ஏவப்பட்ட மரைனர் 4, 1965 ஜூலை 14-ஆம் நாள் செவ்வாயைக் கடந்தபோது, சொல் அங்குச் சென்று சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. படங்கள் காந்த நாடாவில் பதியப்பட்டுப் பின்னர் சிறுகச் சிறுக அனுப்பப்பட்டன. ஒரு படம் வந்து சேர எட்டு மணிக்கும் மேலாயிற்று. பொறுமை இழந்த பொறியாளர்கள், எண்களாக வந்த செய்தியைக் காகிதப் பட்டைகளில் அச்சிட்டு, சுவரில் வரிசையாக ஒட்டி, எண்ணுக்கொரு வண்ணமாகச் சுண்ணக்கோலால் தீட்டினர். வேற்றுக் கோளின் முதல் அண்மைப் படம் இவ்வாறு மனிதக் கையால் வண்ணம் பெற்றது. அப்படங்களில் கால்வாய்கள் இல்லை. நிலவில் உள்ளவை போன்ற பள்ளங்களே இருந்தன. செவ்வாயில் நீர்ப்பாசனம் செய்யும் மாந்தர் வாழ்வதாக அரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்திருந்த கற்பனை, இருபத்திரண்டு படங்களில் முடிவுற்றது.

சுதி மாற்றிப் பேசியோர்

இக்கலை முதிர்ந்தது வாயேஜர் 2 கலத்தில் எனலாம். 1977 ஆகஸ்டு 20-ஆம் நாள் புறப்பட்ட அக்கலம், வியாழனை 1979-இலும், சனியை 1981-இலும், யுரேனசை 1986-இலும், நெப்டியூனை 1989-இலும் கடந்தது. இந்நான்கு கோள்களையும் கண்ட கலம் அஃது ஒன்றே. 1978 ஏப்ரலில், தரையிலிருந்து ஒரு வார காலம் ஆணை எதுவும் செல்லாமையால், தன் அலைவாங்கி பழுதுற்றது என்று கலமே முடிவு செய்து மாற்று வாங்கிக்கு மாறிற்று. மாற்று வாங்கிக்கோ அலைவரிசை ஏறி இறங்கினால் தானே பின்தொடரும் ஆற்றல் இல்லை. முதல் வாங்கியை மீண்டும் இயக்கியபோது அது சற்று நேரத்தில் அடியோடு அடங்கிவிட்டது. அன்றுமுதல், கலத்தின் வேகத்தையும் வெப்பத்தையும் கணக்கிட்டு, அந்த ஒற்றைச் செவி எந்தச் சுதியில் கேட்குமோ அந்தச் சுதிக்குத் தம் குரலை மாற்றிக்கொண்டே தரையிலுள்ளோர் பேசலாயினர்.

நெப்டியூனில் விழும் கதிரொளி, புவியில் விழுவதில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கே. மங்கிய ஒளியில் படம் பிடிக்க நெடுநேரம் கண் திறந்திருக்க வேண்டும். விரைந்தோடும் கலத்திலிருந்து அவ்வாறு செய்தால் படம் கலங்கும். எனவே கலம் முழுவதையும் மெல்லத் திருப்பி, இலக்கின் மீது பார்வை நிலைக்குமாறு ஆணைகள் எழுதப்பட்டன. 1989 ஆகஸ்டு 25-ஆம் நாள் நெப்டியூனின் முகில்களுக்கு மேலே ஏறத்தாழ 5,000 கிலோமீட்டரில் கலம் பறந்தது. அடுத்த ஐந்து மணி நேரத்தில் டிரைட்டன் என்னும் துணைக்கோளை அடைந்தது. செய்தி ஒருவழி செல்ல நான்கு மணிக்கு மேலாகும்; சென்று திரும்ப எட்டு மணிக்கு மேலாகும். நெப்டியூனில் நேர்ந்த பிழையை அறிந்து டிரைட்டனில் திருத்த எண்ணினும் நேரம் இல்லை. இரண்டும் ஒரே மூச்சில் எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறே எழுதினர், அவ்வாறே நிகழ்ந்தது. எழுபது கிலோபைட்டுக்கும் குறைந்த கணினி நினைவில் அத்தனையும் அடக்கினர். சொற்சுருக்கத்தின் அருமை அறிந்தோர் இதனை வியவாதிருக்க இயலாது.

தமிழ் ஏறாத தட்டு

வாயேஜர் கலங்களோடு வேறு வகைச் சொற்களும் சென்றன. என்றேனும் எவரேனும் கேட்கக்கூடும் என்னும் நம்பிக்கையில், பொன் முலாம் பூசிய செப்புத் தட்டில் ஐம்பத்தைந்து மொழிகளில் வாழ்த்துகள் பதியப்பட்டன. கேசர்பாய் கேர்க்கரின் பைரவி இராகப் பாடல் அதில் உண்டு. இந்தி, வங்காளம், குசராத்தி, மராத்தி, பஞ்சாபி, ஒரியா ஆகிய மொழிகள் உண்டு. தெலுங்கும் கன்னடமும் உண்டு, சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை.

இதனைப் பகையென்று கொள்ளுதல் பொருந்தாது. குறுகிய காலத்தில், பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் கிடைத்த குரல்களைக் கொண்டு அத்தட்டு தொகுக்கப்பட்டது. உரிய நாளில் உரிய இடத்தில் ஒரு தமிழ்க் குரல் வாய்க்கவில்லை என்பதே நேர்ந்தது. எனினும் அதன் விளைவு மாற்றவியலாதது. சங்க காலம்தொட்டு இடையறாது பாடி வரும் ஒரு மொழியின் ஒற்றை வாழ்த்துச் சொல்லைக்கூட இனி அத்தட்டில் ஏற்றல் இயலாது. கலத்தின் கணினிக்குப் புதிய ஆணை அனுப்பலாம். தட்டில் ஓர் எழுத்தையும் சேர்க்க இயலாது. புறப்படும் முன் எழுதாத சொல், என்றும் எழுதாத சொல்லே ஆகும்.

கடந்து போனவையும் திரும்பி வந்ததும்

கோளைச் சுற்றுவதற்காகச் செல்லும் கலத்துக்கும் இந்த விதி பொருந்தும். கோளை அணுகும் கணத்தில் எந்திரம் எரிந்து வேகத்தைத் தணித்தால் கலம் கோளின் பிடியில் நிற்கும். எரியாவிடின் கோளைக் கடந்து கதிரவனைச் சுற்றும் வெறும் வழிப்போக்கன் ஆகும். ஜப்பானின் நொசோமி கலம், பயணத்தின் தொடக்கத்திலேயே எரிபொருள் அடைப்பிதழ்க் கோளாற்றால் வழி தவறி, ஐந்தாண்டு அலைந்து, 2003 டிசம்பரில் செவ்வாயைக் கடந்து போய்விட்டது. அதே நாட்டின் அகாட்சுகி 2010 டிசம்பரில் வெள்ளியைப் பற்றத் தவறியது. ஆயினும் அதனை இயக்கியோர் சோர்ந்திலர். ஐந்தாண்டு காத்திருந்து, முதன்மை எந்திரம் பழுதுற்ற நிலையிலும் சிறு உந்திகளைக் கொண்டே 2015 டிசம்பரில் அதனை வெள்ளியின் சுற்றுப்பாதையில் நிறுத்தினர்.

வறுத்த பயறு முளைத்த காலை

இந்தியாவின் மங்கள்யான் 2013 நவம்பர் 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. புறப்படும்போது அதன் எடை 1,337 கிலோ. திட்டத்தின் செலவு 450 கோடி ரூபாய். திட்ட இயக்குநராக இருந்தவர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன். அதற்கு மேல் செயற்றிட்ட இயக்குநராக இருந்தவர் பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. தட்டில் ஏறாத மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர், செவ்வாய்க்குச் சென்ற சொற்களுக்குப் பொறுப்பேற்றனர்.

தடை தொடக்கத்திலேயே வந்தது. புவியைச் சுற்றும் பாதையைப் படிப்படியாக உயர்த்துகையில், நவம்பர் 11-ஆம் நாள் நான்காம் முயற்சியின்போது, எரிபொருளை விடும் அடைப்பிதழின் இரு கம்பிச்சுருள்களையும் ஒருசேர இயக்கிப் பார்த்ததில் எரிபொருள் வரத்து நின்றது. எண்ணிய வேகம் கிட்டவில்லை. மறுநாளே குறையை நிரப்பினர். கலம் புவிக்கு அருகில் இருந்தமையால் திருத்தம் கூடிற்று. டிசம்பர் 1-ஆம் நாள் முதன்மை எந்திரம் ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடம் எரிந்து கலத்தைச் செவ்வாயின் வழியில் செலுத்தியது. பின்னர் அவ்வெந்திரம் உறங்கியது. ஏறத்தாழ முந்நூறு நாள் உறக்கம் அது.

அவ்வுறக்கமே பேரச்சமாயிற்று. எரிபொருளும் அதனை எரிக்கும் பொருளும் அரிக்கும் இயல்பின. நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த குழாய்களும் அடைப்பிதழ்களும் மீண்டும் இசைவுடன் திறக்குமா என்பதை உறுதியாகச் சொல்வார் இல்லை. இதனை முன்னுணர்ந்தே மாற்றுக் குழாய் வழியொன்று கலத்தில் அமைக்கப்பட்டிருந்தது. திருப்புட்குழியில் மரகதவல்லித் தாயாரை வேண்டி, வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு உறங்கி, விடிந்ததும் முளைத்திருக்கிறதா என்று பார்க்கும் பெண்களின் வழக்கத்தை அறிந்தோர், பெங்களூரில் அன்று நிலவிய மனநிலையை உணர்வர். செப்டம்பர் 22-ஆம் நாள் எந்திரத்தை நான்கு விநாடிக்கும் சற்றுக் குறைவாக எரித்துப் பார்த்தனர். எரிந்தது. பயறு முளைத்தது.

ஆயினும் முளை வேறு, பயிர் வேறு. செப்டம்பர் 24-ஆம் நாள் அதே எந்திரம் இருபத்து நான்கு நிமிடம் எரிய வேண்டும். அதற்கான ஆணைகள் செப்டம்பர் 14, 15 ஆகிய நாள்களிலேயே எழுதி அனுப்பிச் சரிபார்க்கப்பட்டன. அன்று கலத்துக்கும் புவிக்கும் இடைத்தொலைவு 22 கோடியே 40 லட்சம் கிலோமீட்டர். சொல் செல்லப் பன்னிரண்டரை நிமிடம். எந்திரம் மூளும் முன்னரே கலம் செவ்வாயின் நிழலுக்குள் புகுந்துவிடும். கதிரொளி இராது, மின்கலமே துணை. மூண்ட நான்கைந்து நிமிடத்தில் கலம் செவ்வாயின் பின்புறம் மறையும்; அதன் குரலும் நின்றுவிடும். முதன்மை எந்திரம் எரியாவிடின் எட்டுச் சிறு உந்திகளை மூட்டுக என்பதும் முன்னெழுதிய ஆணையுள் அடங்கும். அவையும் போதாவிடின், நொசோமி சென்ற வழியே மங்கள்யானும் செல்லும்.

காலை 7 மணி 17 நிமிடம் 32 விநாடிக்கு எந்திரம் மூண்டது. அது மூண்டது என்பதைப் பெங்களூர் அறிந்தது 7.30 மணிக்கு. அறிந்த அக்கணத்தில் கலம் ஏற்கெனவே செவ்வாயின் பின்னே மறைந்திருந்தது. மகிழ்ச்சி ஆரவாரம் எழுந்தபோதே, அது பழைய செய்தியாகிவிட்டிருந்தது. அதன்பின் அரை மணி நேரம் எவராலும் ஒன்றும் செய்ய இயலாத நிலை. விசைப்பலகைகள் முன் அமர்ந்திருந்தோரின் கைகள் ஓய்ந்திருந்தன. பத்து நாள் முன்னர் எழுதப்பட்ட சொற்கள், எழுதியோர் காணாத இடத்தில், தாமே செயலாகிக்கொண்டிருந்தன. எட்டு மணி அளவில் குரல் மீண்டும் வந்தது. கலத்தின் வேகம் விநாடிக்கு 1,099 மீட்டர் குறைந்து, அண்மையில் 421 கிலோமீட்டரும் சேய்மையில் ஏறத்தாழ 77,000 கிலோமீட்டருமாகச் செவ்வாயை அது சுற்றத் தொடங்கியிருந்தது. முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த முதல் நாடு என்னும் பெருமை இந்தியாவுக்குக் கிட்டிற்று.

விருந்தாக வந்த வால்விண்மீன்

ஒரு திங்கள் நிறையுமுன் மற்றொரு சோதனை வந்தது. சைடிங் ஸ்பிரிங் என்னும் வால்விண்மீன், 2014 அக்டோபர் 19-ஆம் நாள், விநாடிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் செவ்வாயை ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. புவிக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவில் இது பாதியினும் குறைவு. இம்முறை கடந்து சென்றது கலம் அன்று. கலத்தைக் கடந்து ஒரு வானப் பொருள் சென்றது. அதன் புழுதியில் ஒரு துகள் பட்டாலும் கலம் துளைபடும். ஆகவே அக்டோபர் 7-ஆம் நாளே பாதை திருத்தப்பட்டது. புழுதி வரும் வேளையில் கலம் செவ்வாயின் மறுபுறம் ஒதுங்கியிருக்குமாறு கணக்கிடப்பட்டது. அமெரிக்கக் கலங்களும் அவ்வாறே ஒதுங்கின. கோளையே கேடயமாகக் கொண்டு மங்கள்யான் தப்பியது.

ஆறு திங்களுக்கென அமைக்கப்பட்ட அக்கலம் ஏழாண்டுக்கு மேல் உழைத்தது. 2017 ஜனவரியில் நீண்ட நிழலைத் தவிர்க்கப் பாதையை மாற்றியதில் எரிபொருள் பெரிதும் செலவாயிற்று. 2022 ஏப்ரலில், தாங்கும் ஆற்றலுக்கு மீறிய நீண்ட கிரகண நிழலில் சிக்கியபின் அதன் குரல் கேட்கவில்லை. மீட்க இயலாது என்று அவ்வாண்டு அக்டோபரில் இஸ்ரோ அறிவித்தது. கலம் அதன்பின்னும் செவ்வாயைச் சுற்றியபடியே இருந்தது. பேச்சு மட்டும் அடங்கிற்று.

புள்ளுக்கு ஒரு குழி

கண்டதைச் சொல்லி முடித்து உயிர்விட்ட பறவைக்கு ஈமக்கடன் செய்த ஊர் திருப்புட்குழி. வீரர்க்குக் கல் நட்ட மண்ணில், தோற்றும் செய்தியைச் சேர்த்த ஒரு புள்ளுக்கு நினைவிடம் வைத்த பெருமை அதற்கு உண்டு. மங்கள்யானுக்குக் குழி இல்லை. அது வீழவும் இல்லை. அதற்கு ஆற்றத்தக்க கடன், அது சுமந்த சொற்களின் வரலாற்றை நினைவில் வைப்பதேயாகும்.

அவ்வரலாறு சொல்லை ஆள்வோர்க்கு உணர்த்துவது ஒன்றுண்டு. எழுதியவர் உடன் செல்ல இயலாத இடத்துக்குச் செல்லும் சொல், தன் பிழையைத் தானே தாங்கிச் செல்கிறது. தன் செம்மையையும் தானே தாங்கிச் செல்கிறது. அச்சேறிய கவிதையின் நிலையும் அதுவே. எவர் கையில், எந்த ஆண்டில், எந்த இருளில் அது திறக்கப்படும் என்பதை எழுதியவர் அறியார். ஆகவே அனுப்பும் முன் ஆயிரம் முறை ஆய்க. அனுப்பிய பின் பொறுத்திருக்க. அடுத்த பொற்றட்டு என்றேனும் புறப்படுமாயின், அதில் ஏறுதற்குரிய தமிழ்ச்சொல் முன்னரே எழுதப்பட்டு ஆயத்தமாய் இருக்க.